நாற்பத்தாறு பேரின் நிழல்

உப்போடைப் பல்கலைக்கழகத்தில் மரம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பெண்ணின் நிழலுக்கா இத்தனை அமர்க்களம் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். முன்னூறு ஏக்கர் கரிசல் பொட்டல், நாலு கட்டடம், ஒரு தண்ணீர்த் தொட்டி, இவற்றுக்கு நடுவில் பன்னிரண்டு குழிகள். ஒவ்வொரு வருடமும் பட்டமளிப்பு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர் அந்தப் பன்னிரண்டு குழிகளிலும் மரக்கன்று நட்டு, மஞ்சள் பூவாளியால் தண்ணீர் ஊற்றி, போட்டோ எடுத்துக்கொண்டு கார் ஏறுவார். கார் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் கன்றுகள் தலை தொங்கிவிடும். அடுத்த வருடம் அதே குழிகள் அடுத்த விருந்தினருக்காகக் காத்திருக்கும். குழிகளை மட்டும் நன்றாகப் பராமரித்து வந்தார்கள்.

அங்கே வகுப்புப் பிரதிநிதி என்பவர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளையைத் துறைத்தலைவர் கூப்பிட்டு, “நீதான் ரெப்” என்பார், அத்தோடு தேர்தல் முடிந்தது. சாக்பீஸ் எடுத்து வருவது, புரொஜெக்டரின் வயர் எங்கே என்று தேடுவது, ஆசிரியர் கொடுக்கும் தாள்களை ஜெராக்ஸ் எடுப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் காலை ஒன்பது பத்துக்கு வருகைப் பதிவேட்டைக் கொண்டுபோய் நிர்வாக அலுவலகத்தில் ஒப்படைப்பது ஆகியவை ரெப்பின் கடமைகள். பருவத்துக்கு இரண்டு தடவை வகுப்புக் குழு கூட்டம் என்று ஒன்று நடக்கும். மாணவர்களின் குறைகளைக் கேட்பதற்கான கூட்டம் அது. கூட்டத்துக்கு முந்தின நாளே அதன் குறிப்பு தட்டச்சாகி விடும், அதன் கடைசி வரி எந்தத் துறையிலும் எந்த வருடத்திலும் மாறியதில்லை: ‘குறை ஏதும் இல்லை என மாணவப் பிரதிநிதி தெரிவித்தார்.’ ரெப் வந்து உளுந்த வடை தின்று, காபி குடித்து, அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

இரண்டாமாண்டுப் புவியியல் வகுப்பில் அந்த ஜூன் மாதம் இந்த வழக்கம் தற்செயலாகத் தவறிப்போனது. துறைத்தலைவர் திரவியராஜ் மகள் கல்யாணத்துக்காக விடுப்பில் இருந்தார். பொறுப்பில் இருந்த அமலி மேடம் வேலைக்குப் புதிது, வழக்கம் தெரியாதவர். அவர் விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார், பிரதிநிதியை வகுப்பு தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது, சரி, ஆளுக்கொரு துண்டுத்தாளில் பெயர் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். நாற்பத்தேழு பேர் வகுப்பு. நாற்பத்தாறு தாள்களில் உலகம்மாள் என்று இருந்தது, ஒன்றில் மட்டும் சுடலைவடிவு என்று இருந்தது, அதை எழுதியது உலகம்மாள்.

உலகம்மாளை ஏன் எல்லாரும் எழுதினார்கள் என்றால், அவளுக்குக் குரல் கொஞ்சம் உரக்க, அதைவிட முக்கியம், போன வருடம் விடுதிச் சாம்பாரில் பல்லி கிடந்தபோது தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு வார்டன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தவள் அவள்தான். தட்டு ஒருபக்கம், அவள் ஒருபக்கம், வார்டன் வெளியே வரும்வரை அசையவில்லை.

அமலி மேடம் நாற்பத்தாறாவது தாளைப் பிரித்து மேசையில் வைத்த அதே நேரத்தில் மணி அடித்தது, பிள்ளைகள் வெளியே வெயிலில் இறங்கினார்கள், இறங்கியவர்களில் நாற்பத்தாறு பேருக்கு நிழல் இல்லை. எல்லா நிழலும் உலகம்மாளின் காலடியில் கிடந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக அல்ல, பந்திப் பாய் விரித்தாற்போல பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்து, கட்டட வாசலிலிருந்து சைக்கிள் நிறுத்தம் வரைக்கும் ஒரே நிழல், கறுத்த நிழல், குளிர்ந்த நிழல். அவள் ஓரடி நகர்ந்தாள், அதுவும் நகர்ந்தது. கொஞ்ச நேரம் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு சுடலைவடிவு, “என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிய, உக்காருங்களேன்” என்று சொல்லித் தன் டிபன் பாக்ஸைத் திறந்தாள், மற்றவர்களும் உட்கார்ந்து திறந்தார்கள்.

இப்படித்தான் அது தொடங்கியது. எப்படி, எதனால் என்று யாரும் கேட்கவில்லை, வெயிலில் வெந்தவர்களுக்கு அதெல்லாம் தோன்றாது. மூன்றாம் நாள், வாசலுக்கு வெளியே இருபது வருடமாகத் தகரக்கூரையின்கீழ் வெந்துகொண்டிருந்த டீக்கடை மிக்கேல் தன் அடுப்பையும் பால்சட்டியையும் பெஞ்சையும் தள்ளுவண்டியில் ஏற்றிப் புவியியல் துறை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். நான்காம் நாள் காவலாளி தன் நாற்காலியைக் கொண்டுவந்தார். ஒரு வாரத்தில் வேதியியல்காரர்களும் வரலாற்றுக்காரர்களும் இடம் கேட்டுச் சண்டை போட ஆரம்பிக்க, நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டது: நிழல் பயன்பாடு காலை இடைவேளையில் புவியியல் துறைக்கும், மதியம் எல்லாத் துறைகளுக்கும், ஆடுகளுக்கு அனுமதி இல்லை. ஆடுகளுக்குப் படிக்கத் தெரியாததால் அவை வந்துகொண்டுதான் இருந்தன.

பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள். வளாகத்து வாசலைத் தாண்டினால் அவரவர் நிழல் அவரவர் காலுக்கு வந்துவிடும் என்பதால் வீட்டில் யாரும் பயப்படவில்லை. மறுநாள் காலையில் வாசலுக்குள் கால் வைத்ததும் நிழல் கழன்று ஓடி உலகம்மாளிடம் போய்ச் சேரும். விடுதிப் பிள்ளைகள் முப்பத்தைந்து பேரின் நிழல் விடிந்ததிலிருந்தே அவளோடு இருக்கும். செவல்குளத்துப் பக்கமிருந்து பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸில் வருகிற பதினொரு பேரின் நிழல் ஒன்பது இருபத்திரண்டுக்கு வரும். அந்த நேரத்தில் நிழல் ஒரு தடவை உதறிக்கொண்டு பத்துப் பதினைந்து அடி முன்னால் நீளும், மிக்கேல் அதைப் பார்த்துத்தான் இரண்டாவது சட்டிப் பாலை அடுப்பில் ஏற்றுவார். “கடிகாரம் பொய் சொல்லும் பிள்ள, பதினோரு பேரு பொய் சொல்லுவாகளா?” என்பார்.

மற்ற வகுப்புகளுக்குப் பொறாமை வந்தது, அவர்களும் துண்டுத்தாளில் பெயர் எழுதிப் பார்த்தார்கள். வேதியியல் ரெப்புக்கு இருபத்தெட்டு நிழல் சேர்ந்தது. வரலாற்றில் சாதிக்கொரு ஆளாகப் போட்டி போட்டு, ஜெயித்தவனுக்குப் பன்னிரண்டு நிழல்தான் கிடைத்தது, அதை வைத்து ஒரு பைக்கை நிறுத்தலாம்.

உலகம்மாள் தலை நிமிர்ந்து நடந்தாள். பெருமையாக இருந்தது, ஏன் இருக்கக் கூடாது? அவள் போகிற பக்கமெல்லாம் ஜனம் கூடவே நகர்ந்தது, அவள் நின்றால் நின்றது, பேராசிரியர்கள்கூட, “உலகம்மா, கொஞ்சம் இந்தப் பக்கமா நில்லேம்மா” என்று கேட்டார்கள். ஒரே ஒரு விஷயம், அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நிழல் என்பது தன்னைவிட்டு அப்பால்தான் விழும். அத்தனை பேரும் குளிர்ச்சியாக உட்கார்ந்திருக்க, வெயில் வருகிற பக்கத்தில் அவள் மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். ஆவணிக்குள் அவள் பிடரி கன்றிக் கறுத்துவிட்டது.

ஆகஸ்டில் முதல் வகுப்புக் குழு கூட்டம் வந்தது. முந்தின நாள் வகுப்பே கூடி ஒரு தாள் எழுதிக் கொடுத்தது. அதில் முதலில் இருந்தது, சுடலைவடிவின் கையெழுத்தில், பஸ். பன்னிரண்டாம் நம்பருக்கு முந்தின பஸ் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு. குழாயில் தண்ணீர் ஆறு மணிக்கு வருகிற ஊர்களில் எந்தப் பெண்பிள்ளையும் அதில் ஏற முடியாது. பன்னிரண்டாம் நம்பர் ஒன்பது இருபத்திரண்டுக்குத்தான் வாசலுக்கு வரும். பதிவேடு ஒன்பது பத்துக்கு மூடப்படும். ஆகவே அந்தப் பதினொரு பேரும் தினமும் முதல் மணி நேரத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டும் பதிவேட்டின்படி வரவில்லை. தினமும் ஐந்து மணி நேரத்தில் ஒன்று போனால் நூற்றுக்கு எண்பதுதான் மிஞ்சும், எழுபத்தைந்துக்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது.

“தண்ணிக் குழாய், கிழிஞ்ச மேப் எல்லாம் பொறவு சொல்லலாம், இத முதல்ல சொல்லிருட்டி” என்றாள் வடிவு.

“நான் பாத்துக்கிடுதேன்” என்றாள் உலகம்மாள்.

கூட்ட அறையில் ஏசி ஓடியது. இரண்டு மாதமாக வெயிலில் நின்றவளுக்கு அது உடம்பெல்லாம் இறங்கியது. திரவியராஜ் சார் எழுந்து, “வாங்க பிரதிநிதி, உட்காருங்க” என்றார். துறைத்தலைவர் வாயிலிருந்து ‘ங்க’ வருவதை அவள் முதல் தடவையாகக் கேட்டாள். சுழலும் நாற்காலி, பீங்கான் கோப்பையில் காபி, சூடான வடை. அவள் தண்ணீர்க் குழாய் துருப்பிடித்திருப்பதைச் சொன்னாள், சார் தலையாட்டினார். பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். முதல் மணி நேரம் சாருடைய வகுப்பு, பதிவேட்டை மூடுபவர் சார். ‘ங்க’ போட்டவரிடம் எடுத்த எடுப்பில் அவரையே குறை சொல்வதா, அடுத்த கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவள் விடுதிக்காரி, அவளுக்கு பஸ் கிடையாது என்பதும் அந்த நினைப்புக்குள் எங்கேயோ இருந்தது. தட்டச்சான தாள் வந்தது. குறை ஏதும் இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வடிவு காத்திருந்தாள். “சொன்னியாட்டி?”

“சொன்னேன். பாப்போம்னாரு.”

இதைச் சொல்லி முடித்தபோது நிழலில் ஏதோ கிழிந்தாற்போல இருந்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். வடிவின் காலடியில் வடிவின் நிழல் வந்து நின்றது, அவள் உயரத்துக்கு, அவள் இரட்டைச் சடையோடு. வடிவு அதைப் பார்த்தாள், பிறகு உலகம்மாளைப் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் நிழலோடு போய்விட்டாள்.

அன்றிலிருந்து உலகம்மாளின் நிழலில் ஓர் ஓட்டை. சரியாக ஒரு பெண் அளவுக்கு, நட்டநடுவில், வெயில் பளீரென்று விழுகிற ஓட்டை. மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள், இதற்கும் பழகினார்கள். காவலாளி அதில் ஈரச் சட்டையை உலர்த்தினார். அமலி மேடம் அதன் ஓரத்தில் குச்சி நட்டு, வெயில் நகர்வதைக் காட்டி முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். மிக்கேல் பெஞ்சைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, “வண்டிச் சக்கரத்துல ஒரு ஆரக்கால் போச்சுன்னா வண்டி ஓடத்தான் செய்யும், ஆனா ஓட்டுறவனுக்கு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்லா” என்று டீ ஆற்றினார். யாருக்குச் சொன்னார் என்று உலகம்மாளுக்குத் தெரியும். மற்றவர்கள் யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை, அவள் சொன்னதை நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் அவளைத் தின்றது. தினமும் ஒன்பது பத்துக்குப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போவாள், கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பன்னிரண்டாம் நம்பர் வாசலில் நிற்கும், பதினொரு பேர் புழுதியில் ஓடி வருவார்கள், அவர்களில் வடிவு மட்டும் நிழலோடு ஓடி வருவாள். உலகம்மாளுக்கு அவளை நேராகப் பார்க்க வெட்கமாக இருந்தது.

புரட்டாசியில் வடிவுக்கு அம்மை போட்டது. பத்து நாள் வரவில்லை. அம்மைக்கு யார் டாக்டரிடம் போகிறார்கள், மருத்துவச் சான்றிதழ் எங்கே இருக்கும்? வேப்பிலைதான் இருந்தது. அக்டோபர் கடைசியில் வருகைப் பட்டியலை ஒட்டினார்கள். பஸ் பிள்ளைகள் பத்துப் பேரும் எண்பதை ஒட்டிப் பிழைத்துக் கிடந்தார்கள். சுடலைவடிவு, எழுபத்தொன்று. பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு.

அன்று மத்தியானம் உலகம்மாள் அவளைத் தேடிப் போனாள். நூலகத்தின் பின்சுவர் ஓரத்தில், தன் சொந்த நிழலைத் தலைக்கு வைத்து அவள் படுத்திருந்தாள். முகத்தில் அம்மைத் தழும்பு இன்னும் ஆறவில்லை.

“வீட்ல என்ன சொன்னாக?”

“அண்ணன் சொல்லிட்டான். பரீச்சை எழுத விடலன்னா படிச்சது போதும், வீட்ல இருன்னு. பொறவு என்ன, மாப்பிள்ளைதான்.” வடிவு எழுந்து உட்கார்ந்தாள். “நீ ஒண்ணும் எங்கிட்ட சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டிய எடத்துல சொன்னாப் போதும்.”

இரண்டாவது வகுப்புக் குழு கூட்டம் மறுநாள் காலை. அதோடு பட்டியல் தேர்வுத் துறைக்குப் போய்விடும்.

ஐப்பசி பிறந்தும் மழை இறங்காத வருடம் அது. அந்த வாரம் பார்த்துக் கூட்ட அறையின் ஏசி பழுதாகியிருந்தது. ஏசி இல்லாத அறையில் உட்காருவதைவிட உலகம்மாள் நிழலில் உட்காரலாம் என்று திரவியராஜ் சாரே சொன்னார், அதற்குள் பல்கலைக்கழகத்தில் பாதிக் கூட்டங்கள் அங்கேதான் நடந்துகொண்டிருந்தன. காலை ஒன்பது மணி, சாருடைய வகுப்பு நேரத்திலேயே, வகுப்பும் அங்கேயே வந்து உட்காரட்டும் என்றார். அலுவலக உதவியாளர் முந்தின நாள் ஒன்பதரைக்கு வந்து நிழலின் எல்லையைப் பார்த்து, பெரியவர்களுக்கு மரியாதையாக அதன் மேற்கு ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்து, அந்தக் கோட்டின் உள்பக்கமாக நாலு நாற்காலி போட்டுவிட்டுப் போனார். அவர் செய்த தப்பு அதுதான், கூட்டம் ஒன்பது மணிக்கு, அவர் பார்த்தது ஒன்பதரை மணி நிழலை.

மறுநாள் ஒன்பது மணிக்கு உலகம்மாள் கிழக்கே வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு மேற்கே விடுதிப் பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்தார்கள். சுண்ணாம்புக் கோட்டோரம் நாலு நாற்காலியிலும் துறைத்தலைவர், அமலி மேடம், வேறு துறை ஆசிரியர்கள் இருவர். அவர்கள் உட்கார்ந்த இடத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. நிழல் அவர்களுக்குப் பத்தடி முன்னாலேயே முடிந்துபோயிருந்தது.

திரவியராஜ் சார் வழுக்கையைத் துடைத்துக்கொண்டார். வெயிலில் உட்கார்ந்தாலும் வழக்கம் வழக்கம்தான். பெயர் வாசித்தார், பதினொரு பேருக்கு ‘ஆப்சென்ட்’ போட்டார், ஒன்பது பத்துக்குப் பதிவேட்டை மூடி நீட்டினார். “உலகம்மா, இதக் குடுத்துட்டு வந்துரு. அப்படியே கையெழுத்தும் போட்டிரு.” தட்டச்சான தாள் பதிவேட்டின்மேல் இருந்தது. கடைசி வரி வழக்கமான வரி.

உலகம்மாள் இரண்டையும் வாங்கிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை. சாம்பார்த் தட்டோடு உட்கார்ந்த அதே பெண்தான், நடுவில் நாலு மாதம் எங்கேயோ போயிருந்தாள்.

“என்னம்மா?”

“நான் நகந்தா நிழலும் நகந்துரும் சார்.”

“நிழல் எங்க இருக்கு? எங்க மேல வெயில்தான அடிக்கி. நேத்து இங்க வரைக்கும் இருந்துச்சுன்னுதான கோடு போட்டிருக்கான்?”

“இருந்துச்சு சார். பன்னெண்டாம் நம்பர் வந்த பொறவு இருந்துச்சு. வரட்டும், வந்துரும்.”

“எப்ப வரும்?”

மிக்கேல் அடுப்படியிலிருந்து பதில் சொன்னார். “ஒம்பது இருவத்திரண்டு சார். அதுக்கு முன்னாலயும் வராது, பின்னாலயும் வராது. நான் ரெண்டாவது சட்டிப் பாலே வைக்கல பாருங்க.”

பன்னிரண்டு நிமிடம். அறைக்குள் விசிறிக்கடியில் அது ஒரு நேரமே இல்லை, ஒரு செய்தித்தாளைப் புரட்டினால் போய்விடும். கரிசல்காட்டு வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது என்ன நேரம் என்று சார் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். எழுந்து நிழலுக்குள் போகலாம் என்று பார்த்தால் பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், துறைத்தலைவர் மரியாதை என்று ஒன்று இருக்கிறது. சட்டை முதுகில் ஒட்டியது. அமலி மேடம் பதிவேட்டுப் பிரதியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, விஷயம் புரிந்தவராக, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

வாசலில் பஸ் நின்ற சத்தம் கேட்டது. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நிழல் உதறிக்கொண்டது, ஓரடி நகர்ந்தது, ஓர் ஆள் அளவு, இன்னோர் ஆள் அளவு, ஒன்று, இரண்டு, மூன்று என்று வகுப்பே முணுமுணுத்து எண்ண, அது நாலைந்து ஆளாகச் சேர்ந்து மண்ணில் ஓடி வந்து, சாரின் செருப்பைத் தொட்டு, முழங்காலில் ஏறி, கடைசியாக வழுக்கைத் தலை வரைக்கும் வந்து மூடியது. சார் தன்னையறியாமல் கண்ணை மூடி, “அப்பாடா” என்றார். பத்து என்று வகுப்பு எண்ணி நிறுத்தியது. அதற்குப் பிறகுதான் பதினொரு பேரும் மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்தார்கள், கடைசியில் வடிவு.

“இவங்க தினமும் வராங்க சார்” என்றாள் உலகம்மாள். “வந்து மணி அடிக்கிற வரைக்கும் பாடம் கேக்காங்க. நான்தான் தினமும் அதுக்கு முன்னாடியே பதிவேட்ட தூக்கிட்டுப் போயிருதேன்.”

சார் கண்ணைத் திறந்தார். அவர் கெட்டவர் இல்லை, இருபத்தாறு வருடமாக ஒன்பது பத்துக்குப் பதிவேட்டை மூடியவர், அவ்வளவுதான். “ஏம்மா, இத ஆகஸ்ட்லயே சொல்லியிருக்கலாம்ல? குறை இல்லைன்னு நீதான கையெழுத்துப் போட்டிருக்க?”

நாற்பத்தாறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளதைச் சொன்னால் அத்தனை நிழலும் ஒரே உதறலில் போய்விடலாம் என்று அவளுக்குத் தெரியும்.

“அது பொய்க் கையெழுத்து சார். நீங்க என்ன வாங்கன்னு கூப்பிட்டீங்க, ஏசி ஓடுச்சு, எனக்கு வாய் வரல. வெளிய வந்து சொல்லிட்டேன்னு வடிவுகிட்டயும் பொய் சொன்னேன். இங்க எல்லார்கிட்டயும்தான். ரெண்டுமே தப்பு. அதுக்கு என்ன செய்யணுமோ எனக்குச் செய்ங்க. பஸ்ஸுல வந்தவங்களுக்கு அதுக்காகச் செய்யாதீங்க.”

குரல் கடைசியில் உடைந்தது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நிழல் சுருங்குவதற்காகக் காத்துக்கொண்டு. ஆடு ஒன்று கத்தியது. பஸ் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், யாரோ ஒருத்தி நீளமாக மூச்சுவிட்டாள். நிழல் ஓரத்தில் ஒருமுறை நடுங்கியது, ஒரு பையன், “சரி, இப்ப சொல்லிட்டால்ல” என்றான், நடுக்கம் நின்றது.

திரவியராஜ் சார் தாளை வாங்கி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தட்டச்சான கடைசி வரியைக் குறுக்கே அடித்தார். உப்போடைப் பல்கலைக்கழகத்தில் அந்த வரி அடிபட்டது அதுவே முதல் தடவை. அதற்குக் கீழே, வகுப்பு பார்க்க, நிழலில் தொடைமேல் வைத்து, தன் கையாலேயே எழுதினார்: பதிவேடு இனி ஒன்பது முப்பதுக்கு மூடப்படும்; பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸில் வருவோருக்கு ஜூன் முதல் போடப்பட்ட முதல் மணி நேரக் குறிகள் திருத்தப்படும். அமலி மேடம் அங்கேயே கணக்குப் போட்டு, “சுடலைவடிவு எண்பத்தொன்பது” என்று உரக்கச் சொன்னார். பஸ் பிள்ளைகள் கை தட்டினார்கள். வடிவு கை தட்டவில்லை, முகத்தைத் தாவணியால் துடைத்துக்கொண்டாள்.

“ரெப் விஷயத்த வகுப்பே பாத்துக்கிடட்டும்” என்று சார் எழுந்தார். எழுந்து நிழலைவிட்டு வெளியே கால் வைக்கும்முன் ஒரு நிமிடம் தயங்கினார்.

ஓட்டை மட்டும் இருந்தது. எல்லாம் முடிந்ததும் அது மூடிக்கொள்ளும் என்று மிக்கேல்கூட நினைத்திருந்தார், பால்சட்டியை அடுப்பில் ஏற்றியவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். உலகம்மாளும் பார்த்தாள். ஒரு பெண் அளவு வெயில், நடுவில், அப்படியே.

வடிவு எழுந்தாள். தன் நிழலைக் கூட்டிக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, நாற்பத்தைந்து பேரின் குளிர்ச்சியையும் தாண்டி, கிழக்குப் பக்கம் உலகம்மாளுக்கு அப்பால் போய், வெயிலுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றாள். அந்த வகுப்பில் அந்த நேரத்தில் நிழல் என்று சொந்தமாக வைத்திருந்த ஒரே மாணவி அவள்தான். அது உலகம்மாளின் முதுகில் விழுந்தது, கன்றிப்போன பிடரியில் விழுந்தது, தலைத்துண்டின்மேல் விழுந்தது. ஜூனுக்குப் பிறகு முதல் தடவையாக உலகம்மாள் நிழலில் நின்றாள்.

“எம்மா, பிடரி எப்படிக் கருகிப்போய்க் கெடக்கு” என்றாள் வடிவு. “சொல்லவே இல்லையேட்டி.”

“யாருட்ட சொல்ல?”

“எங்கிட்ட சொல்லணும். நீ எங்களுக்கு ரெப்புன்னா, ஒனக்கு யாரு?”

உலகம்மாள் அழுதாள். அதை நாற்பத்தைந்து பேரும் பார்த்தார்கள், அவளுக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை.

“என் நிழல நான் திரும்பத் தரமாட்டேன்” என்றாள் வடிவு. “இது இப்படியே இருக்கட்டும், ஒருத்தியாவது இந்தப் பக்கம் நிக்கணும்லா. சரி நட, மணி ஒன்பதரை ஆகுது, பதிவேட்டக் குடுத்துட்டு வருவோம்.”

அலுவலகத்துக்குப் போகும் பாதையில் இருவரும் நடந்தார்கள், வடிவு வெயில் பக்கமாக.